பேரப்பிள்ளையோடு எழுத்துக்கூட்டி: வீட்டுப் பெரியவருக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத்தரும் முழுமையான வழிகாட்டி

எழுபது வயதுப் பாட்டிக்குத் தமிழ் தெரியும். ஊர்ப் பெயர், பயிர்ப் பெயர், உறவுமுறை, விடுகதை, தாலாட்டு என்று பேரனுக்குத் தெரிந்ததைப்போல் பல மடங்கு சொற்கள் அவர் நாக்கில் இருக்கின்றன. அந்தச் சொற்கள் தாளில் எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் தெரியாது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து "அ, அம்மா" என்று தொடங்கும் பல வீடுகளில் இரண்டே வாரத்தில் பாடம் நின்றுபோவது இதனால்தான். அந்தப் புத்தகம் குழந்தைக்குச் சொல்லையும் எழுத்தையும் சேர்த்துக் கற்றுத்தர எழுதப்பட்டது. பெரியவருக்கு வேண்டியது வேறு வரிசை, வேறு சொற்கள், வேறு வேகம்.

இந்த வழிகாட்டி நடுவில் இருக்கும் தலைமுறைக்கு, அதாவது பெரியவரின் மகனுக்கும் மகளுக்கும் மருமகளுக்கும். பக்கத்தில் உட்காரப்போவது பேரப்பிள்ளை. ஆனால் ஏற்பாடு செய்து, அட்டை எழுதி, இருவரையும் கவனித்துக்கொள்வது உங்கள் வேலை. அதைப் பிள்ளையின் தலையில் போட்டுவிட்டுப் போனால் நடக்காது.

வயதைப் பற்றிய தயக்கத்துக்கு ஒரு பதில்: கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-ல், தம் 96 வயதில், அம்மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதி 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். வீட்டில் அவருக்குப் பாடத்தில் உதவியவர்கள் கொள்ளுப்பேரப்பிள்ளைகள்.

முதலில் கண்

"மண்டையில ஏறமாட்டேங்குது" என்று பெரியவர் சொன்னால், பாதி நேரம் உண்மையான காரணம் கண்ணில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் கிட்டப் பார்வை குறைந்துகொண்டே வரும். அறுபதுக்கு மேல் வாசிப்புக் கண்ணாடியின் பவர் பெரும்பாலும் +2.50-ஐ ஒட்டி வந்து நிற்கும். இதுவரை வாசித்தே இராதவர் இந்தக் குறையை உணர்ந்திருக்க வழியில்லை. ஊசியில் நூல் கோக்கவும் அரிசியில் கல் பொறுக்கவும் முடியவில்லை என்பார், அவ்வளவுதான்.

கண்புரை அறுவை செய்துகொண்டவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. "லென்ஸ் வெச்சாச்சு, இனி கண்ணாடி வேண்டாம்" என்று நினைப்பார்கள். வழக்கமாக வைக்கும் லென்ஸ் தூரப் பார்வைக்கானது. கிட்டத்தில் வாசிக்க அதன் பிறகும் தனிக் கண்ணாடி வேண்டும். பாடம் தொடங்குமுன் அரசு மருத்துவமனையிலோ இலவசக் கண் பரிசோதனை முகாமிலோ ஒரு முறை காட்டிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். விழித்திரையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ தோளுக்குப் பின்னாலிருந்தோ தாளில் விழ வேண்டும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும், தாள் இருட்டாகத் தெரியும். தாள் கண்ணிலிருந்து 35 முதல் 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கட்டும். தரையில் வைத்துக் குனிந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். காது மந்தமானவர் என்றால் பேரப்பிள்ளை எதிரே உட்கார்ந்து, வாயசைவு தெரியும்படி சொல்ல வேண்டும்.

வாங்க வேண்டியவை, வாங்க வேண்டாதவை

ஒரு சிலேட்டு, ஒரு பெட்டி பலப்பம், தடித்த கறுப்பு ஸ்கெட்ச் பேனா ஒன்று, இரட்டைக் கோடு நோட்டு ஒன்று, கோடு போடாத 100 பக்க நோட்டு ஒன்று. இவ்வளவு போதும். சிலேட்டைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்காதீர்கள். தவறாகப் போட்டதைக் கையால் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நோட்டில் அடித்த அடி அப்படியே கிடந்து கண்ணை உறுத்தும்.

எழுத்து அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் நன்றாக இருக்கும். உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு அட்டைக்கு ஒரு எழுத்து, குறைந்தது 5 சென்டிமீட்டர் உயரத்தில் எழுதுங்கள். சொல் அட்டையில் எழுத்து 2 சென்டிமீட்டர் இருக்கலாம். வண்ண வண்ணமாக எழுத வேண்டாம். வெள்ளையில் கறுப்புதான் பழைய கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

சுவரில் மாட்டும் 247 எழுத்து அட்டவணையை வாங்காதீர்கள். மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அதைப் பார்த்ததும் பெரியவர் மலைத்துப்போவார். உண்மையான கணக்கு மிகச் சிறியது: உயிர் 12, மெய் 18, புள்ளி ஒன்று, துணை எழுத்துக் குறிகள் எட்டு, ஆய்தம், கடைப் பலகைகளில் வரும் ஜ, ஷ, ஸ, ஹ. எல்லாம் சேர்த்து 44. கொ, கோ ஆகியவற்றின் குறிகள் ஏற்கெனவே படித்த கொம்பும் (ெ, ே) காலும் (ா) சேர்ந்தவை. மீதி அத்தனையும் இவற்றின் கூட்டல். உகர, ஊகார வரிசை மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அதற்குக் கீழே தனியாக வருவோம்.

பேரப்பிள்ளைக்கு முதலில் பாடம்

எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை உள்ள பிள்ளை இதற்குப் பொருத்தம். தான் எழுத்துக்கூட்டிய சிரமம் அந்த வயதில் இன்னும் நினைவிருக்கும். ஆங்கில வழியில் படித்துத் தமிழைத் தட்டித் தடவி வாசிக்கும் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. இருவரும் ஒரே அட்டையைப் பார்த்து யோசிக்கும்போது பெரியவரின் கூச்சம் சீக்கிரம் போகிறது. அந்தப் பிள்ளையின் தமிழும் தேறும்.

தொடங்குமுன் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு நான்கு விஷயங்கள் சொல்லுங்கள். பாட்டி ஒரு எழுத்தில் நின்றுவிட்டால் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். இதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் கடினம், ஆகையால் முதல் வாரம் நீங்கள் பக்கத்தில் இருந்து பழக்குங்கள். "தப்பு" என்ற சொல் வேண்டாம், "இன்னொரு தடவை பாருங்க அப்பத்தா" போதும். சிரிக்கக் கூடாது, சொந்தக்காரர்கள் வந்திருக்கும்போது "எங்க பாட்டி படிக்கிறாங்க, வாசிச்சுக் காட்டுங்க பாட்டி" என்று முன்னால் நிறுத்தவும் கூடாது. பெரியவரே கேட்டால் ஒழிய அவர் கையைப் பிடித்து எழுதவைக்கக் கூடாது.

பிள்ளைக்கும் திரும்ப ஏதாவது கிடைக்க வேண்டும். பாடம் முடிந்ததும் பாட்டி அதே அளவு நேரம் தனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தரட்டும்: பல்லாங்குழி, பூத் தொடுப்பது, சிக்குக் கோலம், நிலத்தில் எந்தப் பூச்சி எதைத் தின்னும் என்பது. கொடுக்கல் வாங்கலாக இருக்கும் பாடம் நீடிக்கிறது. காசோ சாக்லேட்டோ தந்து உட்காரவைத்த பாடம் ஒரு மாதத்தைத் தாண்டுவது அபூர்வம்.

எதை வாசிக்க ஆசை?

"இந்த வயசுல எனக்கெதுக்கு?" என்று கேட்பவரிடம் படிப்பின் அருமையைச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று நாள் சும்மா கவனியுங்கள். எங்கே அவர் பிறரைக் கேட்க வேண்டியிருக்கிறது? பேருந்து வந்ததும் "இது எங்க போகுது தம்பி" என்கிறாரா? போன் அடித்தால் யார் என்று தெரியாமல் நீட்டுகிறாரா? கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் போட்டிருக்கிறதா என்று அடுத்தவரைப் பார்க்கச் சொல்கிறாரா? வங்கியில் கைநாட்டு வைக்கும்போது முகம் சுருங்குகிறதா? அந்த இடம்தான் முதல் இலக்கு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். படிப்பு அன்றாட வாழ்க்கையில் ஒரு கதவைத் திறந்தது, அதனால் ஆர்வம் நின்றது. வீட்டிலும் அதே கணக்குதான்.

இலக்கு எதுவாக இருந்தாலும் முதல் நாள் பாடம் ஒன்றே: அவர் பெயர். பெரிதாக ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டாம். "இது உங்க பேரு" என்று மட்டும் சொல்லி, அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ சாமி படத்துக்குக் கீழேயோ ஒட்டிவிடுங்கள். ஒரு வாரத்தில் அந்த வடிவம் பழகிவிடும். பிறகு ஒவ்வொரு புதிய எழுத்து வரும்போதும் "இது உங்க பேருல எங்க இருக்கு?" என்று தேடச் சொல்லலாம்.

எழுத்து வரிசை

அ, ஆ என்று தொடங்கினால் முதல் நாளே அ, ஆ, இ போன்ற வளைந்து வளைந்து போகும் எழுத்துகளோடு மல்லுக்கட்ட வேண்டும். நேர்கோட்டு எழுத்துகளான ட, ப, ம மூன்றில் தொடங்குங்கள். இவற்றோடு புள்ளியும் காலும் சேர்த்தால் முதல் பத்து நாளுக்குள் இத்தனை சொற்கள் கிடைத்துவிடும்: படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம், மாமா, பாப்பா, டப்பா, பட்டா. கடைசிச் சொல் நிலம் வைத்திருப்பவர் வீட்டில் தனி மதிப்புடையது. பட்டாக் காகிதத்தையே எடுத்துவைத்து அந்தச் சொல்லைத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்து த, க இரண்டும், இகரக் கொக்கியும். தாத்தா, பாட்டி, தம்பி, மாமி, மாடி, கத்தி, காப்பி, மாதம், பக்கம் எல்லாம் வரும். "தம்பி, காப்பி தா" என்று முதல் வாக்கியத்தை இங்கேயே வாசித்துவிடலாம்.

மூன்றாவதாக அ, ஆ, இ, ஈ. அம்மா, அப்பா, அக்கா, ஈ, ஆடு, மாடு, அது, இது. ஆடு மாட்டோடு உகர வரிசை வந்துவிடுகிறது. தமிழில் பெரியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், ஏனென்றால் கால், கொக்கி, கொம்பு எல்லா மெய்யோடும் ஒரே மாதிரி ஒட்டும், உகரம் மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறும். மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம். பு, சு, வு, யு ஆகியவற்றில் ஒரு கோடு கீழே இறங்கும். து, நு, று, லு, ணு, னு ஆகியவற்றில் வால் கீழே வளைந்து மேலே ஏறும். கு, டு, மு, ரு, ழு, ளு தனித்தனி வடிவம், பார்த்துப் பழகத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் சொல்லோடு: தட்டு, பருப்பு, மாவு, கம்பு. ஊகார வரிசையைத் தனிப் பாடமாக்காதீர்கள். பூ, மூக்கு, கூடு, தூண் என்று சொல் வரும்போது வரட்டும்.

நான்காவது ர, ல, வ, ன, ண. பால், கல், மரம், வாரம், அவன், மண். ஐந்தாவது கொம்பு வரிசைகள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கெ, கே, கை மூன்றிலும் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் முன்னும் பின்னும் நின்று நடுவில் எழுத்தை அணைத்துக்கொள்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்துப் பழகியவர் கொம்பைத் தொட்டதும் திகைப்பார். கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதி, இரண்டு விரலால் சேர்த்துத் தொடப் பழக்குங்கள். முதலில் ஐகாரம் (கடை, தலை, மாலை), பிறகு எ, ஏ (பெட்டி, தேன்), கடைசியில் ஒ, ஓ (கொடி, தோடு).

ஆறாவதாக ந, ய, ச, ள, ற, ழ, கூடவே ங், ஞ். மஞ்சள், வெங்காயம், நெல், சோறு, வாழை. பலசரக்குச் சீட்டு எழுத இதற்குள் முழு எழுத்தும் வந்துவிடும். ங, ஞ வரிசைகளை முழுதாகப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. ஙௌ எழுத்தை வாழ்நாளில் அவர் சந்திக்கப்போவதில்லை.

ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். பஸ், ரேஷன், ஜவுளி, ஆஸ்பத்திரி, ஹோட்டல் எல்லாம் தெருவில் தினமும் கண்ணில் படும் சொற்கள். ஸ்ரீ என்பதைப் பிரிக்காமல் ஒரு படமாகவே காட்டுங்கள்.

சின்ன வயதில் ஒன்றிரண்டு வருடம் பள்ளிக்குப் போய் நின்றவர் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1978-ல். அதற்கு முன் ணா, றா, னா மூன்றும் ஒரே சுழியாக எழுதப்பட்டன. ணை, லை, ளை, னை நான்கும் மேலே துதிக்கை வளைவோடு இருந்தன. பெரியவர் பழைய வடிவத்தை எழுதினால் திருத்தாதீர்கள். "இப்ப இப்படியும் எழுதுறாங்க" என்று பக்கத்தில் புதியதைக் காட்டினால் போதும்.

ஒரு நாள் பாடம்

மொத்தம் 25 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். சீரியல் நேரத்தையும் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசரும் நேரத்தையும் விட்டுவிடுங்கள். பிள்ளை பள்ளியிலிருந்து வந்து ஏதாவது தின்றபிறகு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் வாய்த்தால் நல்லது.

முதல் ஐந்து நிமிடம் பழைய அட்டைகள், கலைத்துப் போட்டு. அடுத்த ஐந்து நிமிடம் புதியது: ஒரு எழுத்து அல்லது ஒரு குறி, இரண்டு வேண்டாம். பத்து நிமிடம் சொற்களும் வாக்கியமும் வாசிப்பு. கடைசி ஐந்து நிமிடம் எழுத்து. பெரியவருக்கு உற்சாகம் வந்து "இன்னும் கொஞ்சம்" என்றாலும் நிறுத்திவிடுங்கள். நீட்டித்த நாளுக்கு மறுநாள்தான் பெரும்பாலும் பாடம் தவறுகிறது.

எழுத்தின் பெயரைச் சொல்லும்போது ஒரு கண்டிப்பு வேண்டும். பானா, டானா, மானா என்று பழைய பள்ளிக்கூடப் பாணியில் சொல்லக் கூடாது. பானா, டானா, மானா மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் படம் வராது. ப, ட, ம் என்று ஒலியாகவே சொன்னால் வரும். அதேபோல் "க் கூட்டல் இ, கி" என்ற இலக்கணக் கணக்கும் தொடக்கத்தில் வேண்டாம். எழுத்தறியாதவர் காதுக்குச் சொல் அசை அசையாகக் கேட்கும், மெய் தனியாகக் கேட்காது. 1979-ல் வெளியான போர்ச்சுகல் ஆய்வு ஒன்றில், படிக்காத பெரியவர்களால் ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் கழற்றிச் சொல்ல முடியவில்லை என்று தெரிந்தது. நம் எழுத்து அசைக்கு அசை எழுதப்படுவது இங்கே பெரிய வசதி. மா-டி, பா-டம் என்று கை தட்டிப் பிரித்தால் எந்தப் பாட்டிக்கும் பிடிபடும்.

ப... ட்... ட... ம்... என்று மெல்லக் கூட்டும்போது கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். இதற்கு ஏணி வாசிப்பு உதவும். ஒரு அட்டையால் சொல்லை மூடி, முதல் எழுத்தைத் திறந்து "ப". இரண்டாவதைத் திறந்ததும் முதலிலிருந்து "பட்". பிறகு "பட்ட". கடைசியில் "பட்டம்". ஒவ்வொரு படியிலும் தொடக்கத்திலிருந்தே சொல்ல வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

க, ச, ட, த, ப ஐந்தும் இடத்துக்கு இடம் ஒலி மாறும் என்பதைப் பாடமாக எடுக்க வேண்டாம். "தம்பி"யில் உள்ள பி எப்படி ஒலிக்கும் என்று அவர் வாய்க்குத் தெரியும். எழுத்துக்கூட்டி வரும்போது முதலில் கொஞ்சம் விறைப்பாக வரும், "சேர்த்து வேகமாச் சொல்லுங்க" என்றால் தானே சரியாகும்.

பேச்சும் எழுத்தும் மோதும் இடம்

நான்காவது, ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் பாட்டி "வ-ந்-த-து" என்று சரியாக எழுத்துக்கூட்டிவிட்டு, அது என்ன சொல் என்று தெரியாமல் விழிப்பார். அவர் வாயில் அது "வந்துச்சு". இருக்கிறது "இருக்கு". வீட்டில் "வீட்டுல". போகிறேன் "போறேன்". எழுத்தை வாசித்துவிட்டார், சொல்லை அடையாளம் காணவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் "இவ்வளவு நாளாகியும் வரலையே" என்று வீட்டார் சோர்ந்துபோவதைப் பரவலாகப் பார்க்கலாம்.

சொல்லின் முதல் எழுத்திலும் இது நடக்கும். இலையை எலை என்கிறோம், விறகை வெறகு, உடம்பை ஒடம்பு, உலகத்தை ஒலகம். பாட்டி "ஒடம்பு" என்று எழுதினால் அவர் காது மிகச் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். அதை அடித்துத் திருத்தாதீர்கள். கன்று, காற்று போன்றவற்றில் தூரம் இன்னும் அதிகம். அவர் சொல்வது கன்னு, காத்து. மரம், நான் போன்ற சொற்களின் கடைசி ம், ன் பேச்சில் மூக்கோடு கரைந்துவிடுவதால், முழுதாக ஒலித்தால் அவருக்கே அந்நியமாகக் கேட்கும்.

இதற்கு நாங்கள் நம்பும் வழி, கோடு போடாத அந்த நோட்டு. அதற்குப் பாட்டி நோட்டு என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பாட்டி மூன்று வாக்கியம் சொல்லட்டும். எதைப் பற்றியும் இருக்கலாம், புளிக்குழம்பு வைப்பது, பழைய ஊர், அன்றைக்குப் பார்த்த பாம்பு. பேரப்பிள்ளை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். "எங்க ஊரு கொளத்துல மீனு நெறைய இருந்துச்சு" என்றால் அப்படியே. மறுநாள் அதைப் பாட்டி வாசிப்பார். தானே சொன்ன வாக்கியம் என்பதால் அடுத்த சொல் என்ன என்று தெரியும், கண் அதைத் தேடிப் பிடிக்கும். வாசிப்பின் ருசி முதலில் தட்டுவது இங்கேதான்.

பிள்ளை எதிர்ப்புத் தெரிவிக்கும், "இப்படி எழுதினா மிஸ் திட்டுவாங்க" என்று. பள்ளி நோட்டு வேறு, பாட்டி நோட்டு வேறு என்று சொல்லுங்கள். இரண்டு மாதம் இப்படியே போகட்டும். பிறகு அதே வாக்கியத்துக்குக் கீழே இன்னொரு வரி: "எங்கள் ஊர்க் குளத்தில் மீன் நிறைய இருந்தது." இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து வாசித்தால் "இருந்துச்சு, இருந்தது" என்ற பாலம் தானாக அமையும். செய்தித்தாளுக்குப் போக இந்தப் பாலம் இல்லாமல் முடியாது.

கை

வாசிப்பு முதலில், எழுத்து பின்னால். மூட்டு வலியால் விரல் மடங்காதவரை எழுதச் சொல்லி வதைக்க வேண்டாம். எழுதாமலே வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம். பேனாவை இறுக்கிப் பிடித்துக் கை நோகிறவருக்குப் பேனாவைச் சுற்றித் துணி சுற்றி ரப்பர் பேண்டு போட்டுத் தடிமனாக்கிக் கொடுங்கள்.

கோலம் போடும் கைக்கு வளைவும் சுழியும் பழக்கம்தான். பேனாவில் நடுங்குபவர் கோலமாவில் ட, ப, ம இழுக்கும்போது கோடு நேராக வரும். வாசலில் வேண்டாம் என்று கூச்சப்பட்டால் கொல்லைப்புறத்திலோ, தட்டில் பரப்பிய அரிசியிலோ எழுதலாம்.

கையெழுத்துக்கு மட்டும் தனிப் பயிற்சி. பெயரைப் புள்ளி வைத்து எழுதிக்கொடுத்து மேலே இழுக்கச் சொல்லுங்கள், நாளுக்கு ஐந்து முறை. வங்கிக் கணக்கைக் கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். தொடர்ந்து பத்துக் கையெழுத்துப் போட்டால் பத்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதற்கு முன் மாற்றினால், பணம் எடுக்கப் போன இடத்தில் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த அவமானத்தில் படிப்பே நின்றுபோகும். கை உறுதியானபின் பாஸ்புக், ஆதார், புகைப்படத்தோடு கிளைக்குப் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்யக் கேளுங்கள்.

குழம்பும் எழுத்துகள்

ரகரமும் காலும் அச்சில் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியும். ரகரத்துக்குக் கீழே சாய்ந்த கால் உண்டு, துணைக்காலுக்கு இல்லை. மரம், மாமா இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சில கையெழுத்துகளிலும் கடைப் பலகைகளிலும் அந்தச் சாய்வு இருக்காது. அங்கே சொல்லின் பொருளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதில் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள்.

மு, ழ இரண்டும், எ, ஏ இரண்டும், ஒ, ஓ இரண்டும், ன, ண இரண்டும் அடிக்கடி மாறும். குழம்பும் இரண்டை ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்தபிறகே மற்றது. மேலே சொன்ன வரிசையில் ன, ண ஒன்றாக வந்தாலும் இடையில் பத்து நாளாவது விடுங்கள்.

இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது: மனப்பாடம். எழுதாத காலத்துக்குப் பழகிய நினைவாற்றல் பெரியவர்களுடையது. ஒரு பக்கத்தை இருமுறை கேட்டால் போதும், விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே அப்படியே ஒப்பிப்பார்கள். வாசிக்கிறார் என்று நம்பிவிடுவோம். சோதிக்க எளிய வழி, பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்பது, அல்லது கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்வது. காலண்டர் தாளில் ஒரு சொல் அளவுக்குச் சன்னல் வெட்டி, அதைப் பக்கத்தின் மேல் நகர்த்தினாலும் சரி.

வீடே பாடப்புத்தகம்

தினசரிக் காலண்டரைவிட நல்ல பயிற்சித் தாள் கிடையாது. கிழமை, அமாவாசை, ராகு காலம், எமகண்டம் எல்லாம் பாட்டிக்கு மனப்பாடமான சொற்கள், தினமும் அதே இடத்தில் வரும். காலையில் தாளைக் கிழிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள், கிழமையை வாசித்தபின் கிழிக்கட்டும்.

போனில் உள்ள பெயர்களைப் பேரப்பிள்ளை தமிழில் மாற்றி எழுதட்டும்: சின்னவன், பெரியக்கா, டாக்டர், பால்காரர். அழைப்பு வரும்போதெல்லாம் ஒரு வாசிப்பு. எழுத்தின் அளவை அமைப்பில் பெரிதாக்கிவிடுங்கள். பேசினால் தமிழில் எழுதும் வசதியும் போனில் உண்டு. பாட்டி பேசியதைப் போன் தவறாக எழுதியிருந்தால், எங்கே தவறு என்று கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி. குறுஞ்செய்தி வாசிக்கத் தொடங்கியதும் ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

மாத்திரை அட்டையில் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும். காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று தமிழில் எழுதி டப்பாவில் ஒட்டலாம். ஆனால் எழுதியதை நீங்கள் சரிபார்க்க வேண்டும், பிள்ளையிடம் மட்டும் விடக் கூடாது. பாட்டி தவறில்லாமல் வாசிக்கிறார் என்று உறுதியாகும்வரை மாத்திரையை எடுத்துக்கொடுப்பதும் உங்கள் பொறுப்பே.

எவ்வளவு நாள்?

அரசின் வயதுவந்தோர் கல்வித் திட்டங்கள் எழுத்துக்கும் கணக்குக்கும் சேர்த்து ஏறத்தாழ 200 மணி நேரம் கணக்கிடுகின்றன. நாளுக்கு 25 நிமிடம், வாரம் ஆறு நாள் என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். மூன்று மாதத்தில் பெயர், கிழமை, பழகிய பேருந்துப் பலகை வரும். ஆறேழு மாதத்தில் சிறிய வாக்கியங்கள். செய்தித்தாள் தலைப்பைத் தயங்காமல் வாசிக்க ஒரு வருடமாவது ஆகும். மூன்றாவது வாரத்திலும் உகர வரிசையிலும் ஒரு தொய்வு வரும். அந்த நாட்களில் புதிய எழுத்தை நிறுத்திவிட்டு, தெரிந்த சொற்களையே வாசித்துக்கொண்டிருங்கள்.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின்கீழ் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளை மையமாக வைத்து இலவச வகுப்பு நடக்கிறது. அருகிலுள்ள பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் தெரியும். ஒத்த வயதுக்காரர்கள் நாலு பேரோடு உட்கார்வதில் ஒரு தைரியம் உண்டு. வீட்டுப் பாடத்தை நிறுத்தாமல் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நடவு, அறுவடை, நூறு நாள் வேலை, காய்ச்சல் என்று இடைவெளி வரத்தான் செய்யும். இரண்டு வாரம் விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள், இரண்டு படி பின்னால் போங்கள். ட, ப, ம சொற்களைக் கடகடவென்று வாசித்ததும் "மறக்கலையே" என்ற தெம்பு வந்துவிடும்.

படித்து முடித்தவர்கள் மறப்பதற்கு முக்கியக் காரணம், பிறகு வாசிக்க ஒன்றும் கையில் இல்லாமல் போவது. 1942-ல் தொடங்கிய தினத்தந்தி, எளிய தமிழிலும் பெரிய தலைப்புகளிலும் டீக்கடை வாசகர்களை மனதில் வைத்து வளர்ந்தது. இன்றும் தலைப்பு வாசிக்க அதுபோன்ற நாளிதழ்தான் ஏற்றது. தலைப்பைப் பாட்டி வாசிக்கட்டும், செய்தியைப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை பிரித்த தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி, பெரிய எழுத்தில் அச்செடுக்கலாம். அச்செடுக்கும்போது எழுத்தளவு 24 புள்ளியில் (பாயிண்ட்) தொடங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 20, 18 என்று குறைத்து வாருங்கள். செய்தியின் உள்வரி எழுத்து 10 புள்ளியை ஒட்டியே இருக்கும். அதற்குத் தாவும்போது தடுமாறினால், திரும்பவும் கண்ணாடியின் பவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.